தொட்டி மீன்களுக்குக் காய்கறி, கீரை கொடுக்கலாமா? எப்படிக் கொடுப்பது?

கொடுக்கலாம். ஆனால் என்ன மீன் வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி.

ஃபைட்டர், ஆஸ்கர் போன்றவை மாமிச உண்ணிகள். ஃபைட்டருக்கு மலச்சிக்கல் வந்தால்கூடப் பட்டாணியைவிட டாஃப்னியா என்னும் சின்ன நீர்த்தெள்ளுதான் சரி. தங்கமீன், மோலி, சில்வர் டாலர், சக்கர் மீன் இவற்றுக்குத் தாவர உணவு கட்டாயம் வேண்டும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் வாழும் ம்புனா வகை சிக்லிட் மீன்களும் பாறையில் படரும் பாசியை மேய்கிறவை. நீண்ட குடல் கொண்ட அவற்றுக்கு இறைச்சித் தீனியையே போட்டுக்கொண்டிருந்தால் வயிறு வீங்கும் அபாயம் அதிகம்.

என் கவலையெல்லாம் சக்கர் மீனைப் பற்றித்தான். 'கண்ணாடியில் இருக்கும் பாசியைத் தின்று பிழைத்துக்கொள்ளும்' என்று பலரும் அதற்குத் தனியாக எதுவும் போடுவதில்லை. சுத்தமாக வைத்திருக்கும் தொட்டியில் அது பிழைக்கிற அளவுக்குப் பாசி ஏது? வயிறு உள்வாங்கி ஒட்டிப்போயிருந்தால் அது பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். வெள்ளரிக்காயையோ சுக்கினியையோ வட்டமாக நறுக்கி, எவர்சில்வர் முள்கரண்டியில் குத்தி, விளக்கை அணைத்த பிறகு தொட்டிக்குள் இறக்குங்கள். கரண்டியின் கனம் துண்டை அடியில் நிறுத்தும். சக்கர் மீன் வாயை அதன்மேல் ஒட்டவைத்து, விதைப்பகுதியில் தொடங்கிச் சுரண்டிக்கொண்டே வெளியே வரும். பல நாள் காலையில் பச்சைத் தோல் வளையம் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். பழக்கமில்லாத மீன் முதலில் சீண்டாது, விடாமல் வைத்துப் பாருங்கள். வெள்ளரியில் 95 சதவீதம் தண்ணீர்தான், அதனால் அதை மட்டுமே நம்பக்கூடாது. பாசியில் செய்த தீனி வில்லையும் சேர்த்துப் போடுங்கள்.

தங்கமீனுக்கு இரைப்பையே கிடையாது, தின்றது நேராகக் குடலுக்குப் போகிறது. பச்சைப் பட்டாணியை வேகவைத்து, தோலைப் பிதுக்கி எடுத்துவிட்டு, உள்ளே இருப்பதை நசுக்கிப் போட்டால் ஆசையாகத் தின்னும். மலச்சிக்கலால் சாய்ந்து மிதக்கிற தங்கமீனை ஒருநாள் பட்டினி போட்டுவிட்டு இதைக் கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடும். ஆனால் உடல் உப்பிச் செதில்கள் விரிந்து நின்றால் அது வேறு நோய், பட்டாணியால் சரியாகாது.

கீரை என்றால் பசலைக்கீரை நல்லது. அதில் கால்சியம் உடலில் சேர்வதைத் தடுக்கும் ஆக்சலேட் அதிகம், அதனால் எப்போதாவது போட்டால் போதும். கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்துக் குளிர்ந்த நீரில் அலசினால் இலை மெத்தென்று ஆகிவிடும், மீன் பிய்த்துத் தின்னச் சுலபம். கேரட், பூசணி போன்ற கெட்டியானவை நன்றாக வேகவேண்டும். உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் படக்கூடாது. டப்பாவில் அடைத்த காய் வேண்டாம், அதில் உப்பு இருக்கும். பூச்சிமருந்து மீனைவிட இறாலை இன்னும் சீக்கிரம் கொன்றுவிடும் என்பதால், தொட்டியில் இறால் இருந்தால் காயை நன்றாகக் கழுவித் தோலையும் சீவிவிடுங்கள்.

வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போதும், மற்ற நாட்களில் வழக்கமான பெல்லட் தீனியே இருக்கட்டும். இரவில் வைத்ததில் மிச்சமிருப்பதைக் காலையில் கண்டிப்பாக எடுத்துவிட வேண்டும். காய் அழுகினால் தண்ணீரில் மீனுக்கு நஞ்சான அம்மோனியா ஏறும், சின்னத் தொட்டியில் அது மிக வேகமாக நடக்கும். கீரைத் துணுக்குகள் ஃபில்டர் பஞ்சிலும் போய் அடைத்துக்கொள்ளும், அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.