ஆசிரியைகள் முதலில் விளையாடட்டும்

கேள்வி: நான் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பாலர் பள்ளி ஆசிரியை. அடுத்த மாதம் எங்கள் பகுதி ஆசிரியைகள் 24 பேருக்குப் பழைய தோட்டப் பங்களா ஒன்றில் வார இறுதி முகாம் நடத்தும் பொறுப்பு எனக்கு வந்துள்ளது. வெளிப்புற விளையாட்டும் இயற்கைவழிக் கற்றலும் என்பது தலைப்பு. சென்ற ஆண்டு முகாமில் ஒன்றரை நாள் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்; பள்ளியில் எதுவும் மாறவில்லை. பிள்ளைகளை மண்ணில் விட்டால் பெற்றோர் கோபிக்கிறார்கள். பாம்பு, பூச்சி என்று எங்களுக்கும் அச்சம் இருக்கிறது. இந்த முகாமை எப்படி அமைப்பது?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முகாமுக்குப் புரொஜெக்டரைக் கொண்டுபோகாதீர்கள். விளையாட்டு ஏன் தேவை என்பதை அந்த 24 பேரும் பயிற்சிக் காலத்திலேயே படித்துத் தேர்வும் எழுதியவர்கள். விளையாட்டின் வழிக் கற்றலை நம் தேசியப் பாலர் பள்ளிக் கலைத்திட்டமே வலியுறுத்துகிறது. மேலிடத்தில் யாரேனும் கணக்குக் கேட்டால், மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு 180 நிமிடமாவது உடலசைத்து இயங்க வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று கூறும் உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டியைக் காட்டுங்கள். கொள்கைப் பேச்சு அத்துடன் போதும். நமக்கெல்லாம் விட்டுப்போனது பழக்கம். கையில் சேறுபட விளையாடி இருபது, முப்பது ஆண்டுகள் ஆனவர், பிள்ளை சேற்றைத் தொட்டதும் 'சீ, கையை எடு' என்றுதான் சொல்வார். ஆகவே, இரண்டு நாளும் ஆசிரியைகளே விளையாட வேண்டும்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கே வெளியில் இறங்கிவிடுங்கள். பத்தரைக்கு மேல் வெயில் ஏறிவிடும். பிற்பகலில் இடியுடன் மழை பிடிக்கலாம். பங்களா முற்றத்தில் ரப்பர் மரக் கொட்டை, தேங்காய்ச் சிரட்டை, மூங்கில் துண்டு, ரப்பர்ப் பால் பிடிக்கும் பழைய மங்கு, வாளி, கயிறு, தண்ணீர், ஒரு குவியல் மண் எல்லாவற்றையும் வைத்து, எதையும் செய்யச் சொல்லாமல் ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். ஓரிடத்தில் எடுத்து, நகர்த்தி, மாற்றி வைக்கக்கூடிய பொருள்கள் எவ்வளவு மிகுதியோ, புதிதாக ஒன்றைப் புனையும் வாய்ப்பும் அங்கே அவ்வளவு மிகுதி என்று பிரிட்டிஷ் கலைஞர் சைமன் நிக்கல்சன் 1971-இல் எழுதினார். பெரும் விலை கொடுத்து வாங்கும் பிளாஸ்டிக் சறுக்குமரத்தில் சறுக்கத்தான் முடியும். (என் பேரன் அதில் கீழிருந்து மேலே ஏறுகிறான்; அதற்குத் திட்டும் வாங்குகிறான்.)

அடுத்தது கடினமான பகுதி. இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் விளையாடுகையில் மற்றவர் பத்து நிமிடம் வாய் திறவாமல் கவனித்துக் கண்டதை மட்டும் எழுதட்டும். 'மகிழ்ச்சியாக இருந்தார்' என்று எழுதினால் அதை அடித்துவிட்டுக் கை என்ன செய்தது என்று எழுதச் சொல்லுங்கள். நான் இதை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. நான் பணியிலிருந்தபோது, ஐந்து வயதுப் பையன் ஒருவன் ரப்பர் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். சில தடவை தேய்த்து ஒருமுறை, பல தடவை தேய்த்து ஒருமுறை என்று சூட்டை அவனாகவே சோதித்துக்கொண்டிருந்தான். நான் அருகில் போய், 'கையில் எத்தனை கொட்டை? என்ன நிறம்?' என்று கேட்டேன். அவன் அதைக் கீழே போட்டுவிட்டுக் கைகட்டி எழுந்து நின்று, 'ஒன்று, டீச்சர். பழுப்பு, டீச்சர்' என்றான். அன்று முழுவதும் அவன் அதை மறுபடி எடுக்கவில்லை.

அந்தக் கொட்டை ஒன்றை வைத்தே அரை நாளை ஓட்டலாம். ரப்பர்க் காயில் பொதுவாக மூன்று அறைகள், அறைக்கு ஒரு கொட்டை. காய் முற்றி வெயிலில் காய்ந்ததும் சத்தத்துடன் வெடித்துக் கொட்டைகளைத் தூர எறியும். ஒரே மரத்துக் கொட்டைகளின் மேல் உள்ள புள்ளிக்கோலம் ஒன்றுபோலவே இருக்கும். ரப்பர் ரகங்களை இனங்காண்பவர்கள் பார்க்கும் அடையாளங்களுள் அதுவும் ஒன்று. மூன்று ரக மரங்களின் கொட்டைகளைக் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். படித்தவர்கள் திணறுவதைப் பார்ப்பீர்கள்.

பெற்றோர் கோபத்தைச் சிறிது பொறுமையோடு அணுக வேண்டும். தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்து, ரப்பர்ப் பால் நாற்றம் போகாத உடையுடன் தாய் வீடு திரும்பியதைப் பார்த்து வளர்ந்து, பின்னர்க் கடன் வாங்கித் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) வீடு வாங்கியவர்களுக்குப் பிள்ளையின் வெள்ளைச் சட்டை சாதாரணமானதன்று. அவர்களுக்குச் சேற்றின் சிறப்பைப் பற்றிச் சுற்றறிக்கை அனுப்பிப் பயனில்லை. மாற்றுடை ஒன்றைப் பள்ளியிலேயே வைத்து, வந்த சட்டையுடனே பிள்ளையை வீட்டுக்கு அனுப்புங்கள். பாதிப் புகார் நின்றுவிடும். முகாமுக்கும் ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்த பாட்டி ஒருவரைப் பேச்சாளராக அழையுங்கள். எந்த இலை அரிக்கும், எந்தப் புற்றருகே போகக் கூடாது என்பதை அவரைப் போல் சொல்ல ஆளில்லை. மற்றப் பேச்சாளருக்குக் கொடுக்கும் தொகையையே அவருக்கும் கொடுங்கள்.

உங்கள் அச்சத்திலும் நியாயம் இருக்கிறது. நிர்வாகத்தின் அனுமதியின்றிச் செம்பனை (எண்ணெய்ப் பனை) காட்டுக்குள் போகாதீர்கள். அங்கே மருந்தடிப்பார்கள், மட்டையில் முள் உண்டு, எலியைத் தேடிப் பாம்பும் வரும். தேங்கிய கால்வாய் நீரில் எலிச் சிறுநீரால் பரவும் கிருமி இருக்கக்கூடும் என்பதால், காலில் புண் உள்ளவர் அதில் இறங்கலாகாது. விளையாட்டுக்குக் குழாய் நீர் போதும். இடிச்சத்தம் கேட்டதும் உள்ளே வந்து, கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருங்கள்; இடியில்லாத மழையில் நனையலாம். புகைமூட்டக் காலமாயின் காற்று மாசுக் குறியீட்டைப் பாருங்கள். 100-ஐத் தாண்டினால் வெளி நடவடிக்கை வேண்டாம். மரமேற்றத்துக்கு எனக்குத் தெரிந்த விதி ஒன்றே: பிள்ளை தானாக ஏற முடிந்த உயரம் வரை ஏறட்டும், நாம் தூக்கி வைக்கலாகாது. பங்களாக் கொய்யா மரத்தில் ஆசிரியைகளும் இதையே கடைப்பிடிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒவ்வொருவரும் தம் பள்ளி முற்றத்தை நினைவிலிருந்து வரைந்து, திங்கட்கிழமையே மாற்றக்கூடிய ஒரு மூலையை மட்டும் அதில் குறிக்கட்டும். செலவு ஐம்பது ரிங்கிட்டைத் தாண்டக் கூடாது என்று முன்னரே சொல்லிவிடுங்கள். மதிய உணவோடு முகாமை முடித்துக்கொள்ளுங்கள். சேற்றுத் துணியைத் துவைத்துக் காயவைக்க அவர்களுக்கும் ஒரு பொழுது வேண்டும்.