டிபி என்று தெரிந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்லலாமா?

வாசகர் கேள்விகள், வழக்கறிஞர் பதில்கள்

கேள்வி: வக்கீல் மேடம், நான் பனியன் கம்பெனியில் டெய்லர். இருமல் நிற்காததால் தனியார் டாக்டரிடம் போனேன், சளிப் பரிசோதனையில் டிபி என்று வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர் கவர்ன்மெண்டுக்குச் சொல்லிவிட்டார். சுகாதாரப் பணியாளர் வீடு தேடி வந்து, வாசலில் நின்றே விஷயத்தைப் பேச, இப்போது வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார், கம்பெனியில் வேலைக்கு வராதே என்கிறார்கள். டாக்டர் மீது வழக்குப் போடலாமா? (பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்: டாக்டர் மீது போட முடியாது. அவர் சட்டப்படி செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறார். காசநோயாளி பற்றிய தகவலை அரசுக்குத் தெரிவிப்பது 2012லேயே கட்டாயமாகிவிட்டது. 2018 மார்ச்சில் வந்த மத்திய அரசிதழ் அறிவிப்பு டாக்டர், ஆஸ்பத்திரி, லேப், மருந்துக்கடை என்று எல்லோரையும் இதில் சேர்த்தது. தெரிவிக்காமல் விட்டால் நோய் பரவக் காரணமானதாக அவர்கள் மீதே குற்றவியல் நடவடிக்கை வரலாம் (அப்போது இந்திய தண்டனைச் சட்டம் 269, 270, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 271, 272). இதற்கு உங்கள் சம்மதம் தேவையில்லை. இந்தப் பதிவால் உங்களுக்கும் பலன் உண்டு: வீட்டில் இருக்கும் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் பரிசோதனை நடக்கும், மாத்திரை இலவசமாகக் கிடைக்கும், காசநோயாளிகளின் சத்துணவுக்கான நிக்ஷய் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும் (2024 நவம்பருக்கு முன் அது 500 ஆக இருந்தது). பணம் இன்னும் வரவில்லை என்றால் பாஸ்புக்கோடு காசநோய்ப் பிரிவில் போய்க் கேளுங்கள்.

ஆனால் அந்தத் தகவல் காசநோய் அலுவலருக்குப் போக வேண்டியது. வீட்டுக்காரருக்கும் சூப்பர்வைசருக்கும் போக அனுமதி எங்கேயும் இல்லை. டாக்டர்களுக்கான 2002 நெறிமுறை விதிகள் நோயாளியின் ரகசியத்தை எப்போதெல்லாம் வெளியே சொல்லலாம் என்று எண்ணிச் சொல்கின்றன: நீதிபதி உத்தரவிட்டால், குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடும் ஆபத்து இருந்தால், அறிவிக்க வேண்டிய நோயாக இருந்தால். கடைசியில் சொன்னதும் அரசு அதிகாரியிடம் சொல்வதைத்தான் குறிக்கும். வாசலில் நின்று நாலு பேர் காதில் விழப் பேசியது தப்பு. மாவட்ட துணை இயக்குநருக்கு (காசநோய்) எழுத்தில் புகார் கொடுங்கள். தேதி, நேரம், யார் யார் கேட்டார்கள் என்று விவரமாக எழுதி, ஒரு நகலில் சீல் போட்டு வாங்கி வையுங்கள்.

வீடு விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி உங்களை வெளியேற்ற வீட்டுக்காரர் வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், அங்கே சொல்லக்கூடிய காரணங்களில் நோய் கிடையாது. கரண்டையோ தண்ணீரையோ நிறுத்தினால் அதுவே சட்டமீறல். உங்களிடம் எழுத்து ஒப்பந்தம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், ஏனென்றால் ஒப்பந்தம் இல்லாததையே காரணமாகக் காட்டி வழக்குப் போட அவருக்கு வழி இருக்கிறது.

வேலை: சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் இருந்தால் உடனே டிஸ்பென்சரிக்குப் போங்கள். நீண்டகால நோய்ப் பட்டியலில் டிபி இருக்கிறது. இரண்டு வருட சர்வீஸும் போதுமான சந்தாவும் இருந்தால் தினக்கூலியில் 80 சதவீதம் வரை நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பணமாகக் கிடைக்கும். மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டால் பெரும்பாலானவர்களிடம் இரண்டு வாரத்திலேயே பரவும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும், அதற்கப்புறம் டாக்டரிடம் சான்றிதழ் வாங்கிக் கம்பெனியில் கொடுங்கள். ஒரு உண்மையையும் சொல்ல வேண்டும், எச்ஐவிக்கு இருப்பதுபோல் டிபி நோயாளியை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று தனிச் சட்டம் இன்னும் வரவில்லை. அரசுக்குத் தகவல் சொல்லச் சட்டம் போட்ட கையோடு அதையும் போட்டிருக்க வேண்டும்.

கேள்வி: கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு அட்மிட் ஆனேன். எச்ஐவி டெஸ்ட் எடுத்ததே எனக்குத் தெரியாது. பாசிட்டிவ் என்று கேஸ் ஷீட்டின் மேலேயே சிவப்பு மையில் எழுதி வைத்துவிட்டார்கள், என் தம்பியிடமும் சொல்லிவிட்டார்கள், ஆபரேஷன் செய்ய மாட்டோம், வேறு இடம் பார் என்கிறார்கள். (வாசகி, மதுரை)

பதில்: அம்மா, நீங்கள் எழுதியதில் நாலு சட்டமீறல் இருக்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் உள்ள எச்ஐவி/எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2017 அரசு ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி இரண்டுக்கும் பொருந்தும். விளக்கிச் சொல்லி, ஆலோசனை தந்து, உங்கள் சம்மதம் வாங்கிய பிறகுதான் டெஸ்ட் எடுக்க வேண்டும். அட்மிஷன் அன்று வாங்கும் பொதுவான கையெழுத்தை இதற்கான சம்மதமாகக் காட்ட முடியாது. முடிவை உங்கள் அனுமதியில்லாமல் தம்பியிடம் சொன்னது, எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதியது, சிகிச்சை மறுத்தது மூன்றும் தடை செய்யப்பட்டவை. ஊழியர்களுக்கு ஆபத்து என்று சொல்வார்கள். எல்லா நோயாளியின் ரத்தத்தையும் ஒரே எச்சரிக்கையோடு கையாளவும், அதற்கான கையுறை, ஊசி குத்திவிட்டால் உடனே போட வேண்டிய தடுப்பு மருந்து எல்லாம் தரவும் ஆஸ்பத்திரிக்குக் கடமை இருக்கிறது, அதனால் அந்தச் சாக்கு செல்லாது.

20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் புகார் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும், முதலில் அவரிடம் எழுதிக் கொடுங்கள். அப்புறம் இந்தச் சட்டப்படி நியமிக்கப்படும் மாநில குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அவர் 30 நாளில் உத்தரவிட வேண்டும், மருத்துவ அவசரம் என்றால் கூடுமானவரை 24 மணி நேரத்தில். வழக்கு கோர்ட்டுக்குப் போனாலும் உங்கள் பெயரை மறைத்து நடத்தக் கேட்கலாம்.

உங்கள் கணவரிடம் டாக்டர் சொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். துணைவருக்குத் தொற்றும் ஆபத்து உண்மையிலேயே இருந்து, உங்களுக்கு ஆலோசனை தந்தும் நீங்கள் சொல்லவில்லை என்றால், உங்களிடம் முன்கூட்டியே தெரிவித்துவிட்டு அவரிடம் நேரில் சொல்லலாம். அடிப்பார், வீட்டைவிட்டுத் துரத்துவார் என்ற நியாயமான பயம் இருந்தால் அப்போதும் சொல்லக் கூடாது. அந்தப் பயம் இருக்கிறதென்றால் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், முடிந்தால் எழுதியும் கொடுங்கள்.

இந்தச் சட்டம் சும்மா வரவில்லை. 1989ல் கோவாவில் டொமினிக் டிசோசா என்ற இளைஞரை, ரத்ததானம் செய்தபோது எச்ஐவி தெரிந்தது என்பதற்காகப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் பிடித்து, கைவிடப்பட்ட ஒரு டிபி ஆஸ்பத்திரியில் 64 நாள் தனியாக அடைத்தார்கள். அவருடைய அம்மா மும்பை உயர் நீதிமன்றம் போனார், நீதிமன்றம் அரசின் அதிகாரம் செல்லும் என்றது. தொட்டால் பரவாத நோய்க்கு இப்படி ஒரு சிறை! இன்று தனிமைப்படுத்துவதையே பாகுபாடு என்று 2017 சட்டம் பட்டியலில் எழுதி வைத்திருக்கிறது.

கேள்வி: கொரோனா நேரத்தில் எங்கள் வீட்டில் நோட்டீஸ் ஒட்டி, தகரம் அடித்து, அப்பாவை வண்டியில் ஏற்றிப் போனார்கள். அப்படிச் செய்ய அவர்களுக்கு அதிகாரம் இருந்ததா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அதிகாரம் உண்டு, ஆனால் அதற்கு நிபந்தனை இருக்கிறது. தமிழ்நாட்டின் 1939 பொதுச் சுகாதாரச் சட்டம் சொல்வது: நோயாளிக்குத் தங்கத் தகுந்த இடம் இல்லை, பல குடும்பம் சேர்ந்திருக்கும் வீட்டில் இருக்கிறார், மருத்துவக் கண்காணிப்பு இல்லை, அக்கம்பக்கத்துக்கு ஆபத்து, இப்படி ஏதாவது ஒன்று இருந்து, கொண்டுபோவது அவசியம் என்று சுகாதார அதிகாரி கருத வேண்டும். தனி அறையும் டாக்டரும் இருந்திருந்தால் அதை அங்கேயே சொல்லியிருக்கலாம்.

நோட்டீஸ் பற்றி 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உரிய அதிகாரி உத்தரவு போட்டாலொழிய வீட்டில் ஒட்டக் கூடாது.

பெரிய சிக்கல் 1897 கொள்ளைநோய்ச் சட்டத்தில் இருக்கிறது. பம்பாயில் பிளேக் வந்தபோது வெள்ளைக்காரன் அவசரமாகப் போட்ட நாலே பிரிவுச் சட்டம் அது. புனேயில் சிப்பாய்கள் வீடு புகுந்து சோதனை போட்டதில் ஜனங்களுக்கு வந்த கோபம், அதே வருடம் பிளேக் அதிகாரி ராண்ட் சுட்டுக் கொல்லப்பட்டதில் போய் முடிந்தது. 2020ல் திருத்தி, சுகாதாரப் பணியாளரைத் தாக்கினால் மூன்று மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை என்றார்கள். அது அவசியமான திருத்தம், முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் நோயாளியின் உரிமை பற்றி அதில் இன்றுவரை ஒரு வரி கிடையாது. அதனால் அடுத்த முறை யாராவது வந்தால் பணியாளரோடு சண்டை போடாமல் நாலு கேள்வி கேளுங்கள்: எந்தச் சட்டம், எந்த அதிகாரி உத்தரவு, எத்தனை நாள், எழுத்தில் தர முடியுமா. பதில் வராவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். பெண்களுக்கும், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் இலவச வக்கீல் கிடைப்பார், சட்ட உதவி எண் 15100க்கு போன் செய்யுங்கள்.

கேள்வி: தடுப்பூசி போட்டுக்கொள்ளாவிட்டால் கட்டாயமாகப் பிடித்து ஊசி போட்டுவிட முடியுமா? (வாசகர், கரூர்)

பதில்: முடியாது. கொரோனா தடுப்பூசி வழக்கில் 2022 மே 2ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, உடல்மீதான உரிமை அரசியலமைப்பின் 21வது பிரிவில் அடக்கம், யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால் பொதுச் சுகாதாரத்துக்காக நியாயமான அளவில் கட்டுப்பாடு போட அரசுக்கு உரிமை உண்டு என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. பிள்ளைகளுக்கான தட்டம்மை ஊசியைத் தவிர்க்க இந்தத் தீர்ப்பைக் காரணம் காட்டாதீர்கள், தயவுசெய்து போட்டுவிடுங்கள்.