படகுக்குப் பலகை வாங்குகிறீர்களா? 'மரைன்' முத்திரையை மட்டும் நம்பாதீர்கள்

கேள்வி: 12 அடி நீளத்தில், இரண்டு பேர் படுக்கிற அளவுக்குச் சின்ன அறையோடு ஒரு பாய்மரப் படகை வீட்டிலேயே ப்ளைவுட்டில் கட்ட ஆசை. கொல்லத்திலிருந்து ஆலப்புழை வரை காயல் வழியே நிதானமாகப் போக வேண்டும். கடையில் 6 மி.மீ. பலகைக்கு ஆளுக்கொரு விலை சொல்கிறார்கள். 'கமர்ஷியல்' மலிவு, 'மரைன்' எக்கச்சக்க விலை. எப்படியும் மேலே ஃபைபர் (கண்ணாடி இழைத் துணி) ஒட்டிப் பெயிண்ட் அடிக்கப் போகிறேன். மலிவானதே போதாதா? வடிவமைப்பை நானே செய்யலாமா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: போதாது. கமர்ஷியல் பலகையின் பசை ஈரப்பதத்தைத் தாங்கும், தண்ணீரில் ஊறுவதைத் தாங்காது. ஃபைபர் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். ஒரு திருகுத் துளை, கரையில் உரசிய ஒரு கீறல் போதும், அதன் வழியே ஈரம் உள்ளே போய்விடும். உள்ளே போன ஈரத்தை வெளியே விடாமல் வைத்திருப்பதும் அதே ஃபைபர்தான். அப்புறம் அடுக்கடுக்காகப் பிரியும்.

நீங்கள் கேட்க வேண்டியது ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர எண் உள்ள பலகை. 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் பசை விடக் கூடாது என்பது அந்தத் தரத்தின் நிபந்தனை. ஐ.எஸ். 303 பொதுப் பயன்பாட்டுக்கானது, அலமாரிக்குச் சரி. 'மரைன்' என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அதனால் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும், மேலே 710 என்ற எண்ணையும், கீழே உரிம எண்ணையும் பாருங்கள். அந்த உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று தெரிந்துவிடும். கடையில் நின்றபடியே பாருங்கள். கடைக்காரர் சங்கடப்பட்டால் படட்டும்.

முத்திரை சரியாக இருந்தாலும் பலகையையும் சோதித்துவிடுங்கள். நான்கு விளிம்பையும் பார்த்து, உள் அடுக்குகளில் இடைவெளி தெரிந்தால் ஒதுக்குங்கள். விரலால் தட்டிக்கொண்டே போனால், உள்ளே பொந்து இருக்கும் இடத்தில் சத்தம் மாறும். 6 மி.மீ.யில் மூன்று அடுக்கைவிட ஐந்து அடுக்கு நல்லது. முதலில் ஒரே ஒரு பலகை வாங்கி, அதில் ஒரு துண்டை வெட்டிச் சில மணி நேரம் கொதிக்க வையுங்கள். வெயிலில் காயவைத்து மறுபடி கொதிக்க வையுங்கள். கத்தி முனையில் அடுக்கு பிரிந்தால் மீதியை வாங்காதீர்கள்.

எடையையும் கணக்கில் எடுங்கள். நம் ஊர் மரைன் பலகை 8க்கு 4 அடி, 6 மி.மீ. கனத்தில் சுமார் 13 கிலோ வரும். ஒக்குமே என்ற இலேசான ஆப்பிரிக்க மரத்தில் செய்த இறக்குமதிப் பலகை 9 கிலோவை ஒட்டி இருக்கும். ஆனால் விலை அதிகம். காயல் படகுக்கு நம் ஊர்ப் பலகையே போதும் என்பது என் கருத்து. உங்கள் மாவட்டத்து முட்டத்திலேயே 1980களில் மீனவர்களுக்காக ப்ளைவுட் வள்ளங்கள் கட்டினார்கள். அந்தப் பக்கம் படகு கட்டும் ஆசாரிகளிடம் ஒரு நாள் போய்ப் பேசிவிட்டு வாங்குங்கள்.

பசையில் சிக்கனம் வேண்டாம். ஃபைபர் படகுக்காரர்கள் பயன்படுத்தும் பாலியெஸ்டர் ரெசின் மலிவு, ஆனால் மரத்தில் அவ்வளவாகப் பிடிக்காது. எபாக்ஸியே வாங்குங்கள். ரெசினோடு ஹார்டனர் என்ற இன்னொரு திரவத்தைக் கலந்தால் இறுகும் பசை அது. அதிலும் நம் வெயிலுக்கு மெதுவாக இறுகும் ஹார்டனர் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் கலக்கிய கிண்ணத்திலேயே சூடேறி இறுகிவிடும். கையுறை கட்டாயம். எபாக்ஸி வெயிலில் கெடும், அதனால் மேலே பெயிண்டும் கட்டாயம்.

வடிவமைப்பா? முதல் படகுக்கு, ஏற்கெனவே பலர் கட்டி ஓட்டிய வரைபடத்தைக் காசு கொடுத்து வாங்குங்கள். 1960களில் பிரிட்டனில் வந்த மிரர் படகு, பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து ஒட்டும் முறையில் 70,000க்கும் மேல் கட்டப்பட்டது. அந்த முறையில் நல்ல வரைபடங்கள் இன்று நிறைய. சொந்தமாக வரைபவர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டுமென்று அறையின் உயரத்தைக் கூட்டுவார்கள். எடை மேலேறும், காற்றும் பிடிக்கும், சின்னப் படகு எளிதில் சாயும். அப்படியும் நீங்களே வரைவதென்றால், பத்தில் ஒரு பங்கு அளவில் அட்டையில் செய்து பார்த்த பிறகு பலகையை வெட்டுங்கள்.

மோட்டார் வாங்கும் எண்ணம் இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021-இன்படி இயந்திரப் படகுக்குப் பதிவு வேண்டும். கேரள அதிகாரிகளிடம் விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

பில்லில் 'ப்ளைவுட்' என்று மட்டும் எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஐ.எஸ். 710, கனம், நிறுவனப் பெயர் மூன்றும் இருக்க வேண்டும். பின்னால் பலகை பிரிந்து, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யும்போது அந்த பில்தான் ஆதாரம்.