டென்சில் டக்ளஸ் மருத்துவராக இருந்து பிரதமரானது எப்படி? 20 ஆண்டு ஆட்சி எப்படி இருந்தது?

கரீபியனில் உள்ள இரட்டைத் தீவு நாடான செயின்ட் கிட்ஸ் - நெவிஸ் 1983 செப்டம்பர் 19-ல் சுதந்திரம் பெற்றது. அன்று முதல் நான்கு பிரதமர்கள். அதில் மூன்று பேர் மருத்துவர்கள். கென்னடி சிம்மண்ட்ஸ், டென்சில் டக்ளஸ், 2022-ல் வந்த டெரன்ஸ் ட்ரூ. இரண்டு தீவும் சேர்த்து 261 சதுர கிலோமீட்டர், சுமார் ஐம்பதாயிரம் மக்கள், 11 தொகுதிகள். ஒரு தொகுதிக்குச் சில ஆயிரம் ஓட்டுதான். ஊரே அறிந்த டாக்டருக்கு இதைவிடத் தோதான களம் இல்லை என்பேன்.

டக்ளஸ் 1953-ல் பிறந்தவர். வெஸ்ட் இண்டீஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். 1989-ல் தொழிற்கட்சியின் தலைவரானார். 1993 தேர்தலில் அவர் கட்சிக்கும் அப்போதைய பிரதமர் சிம்மண்ட்ஸின் கட்சிக்கும் தலா 4 இடங்கள். நெவிஸ் கட்சி ஒன்றின் ஆதரவோடு சிம்மண்ட்ஸ் சிறுபான்மை அரசு அமைக்க, போராட்டம் வெடித்து நெருக்கடி நிலை அறிவிக்கும் அளவுக்குப் போனது. 1995 ஜூலையில் மறுபடி தேர்தல் வந்தபோது செயின்ட் கிட்ஸின் 8 தொகுதிகளில் 7 டக்ளஸ் கட்சிக்கு. அவர் பிரதமரானார்.

அவர் படித்த மருத்துவம் ஆட்சியில் தெளிவாகத் தெரிந்த இடம் எச்.ஐ.வி. ஒழிப்பு. ஆப்பிரிக்காவின் சஹாரா தெற்குப் பகுதிக்கு அடுத்தபடியாகத் தொற்று விகிதம் அதிகமாக இருந்தது கரீபியனில்தான். ஒவ்வொரு தீவும் தனித்தனியாக மருந்து வாங்கப் போனால் நோயாளிகள் எண்ணிக்கை குறைவு; விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கவே முடியாது. அதனால் 2001-ல் வட்டார நாடுகள் ஒரு கூட்டமைப்பை உருவாக்கின. 2002-ல் பார்சிலோனா எய்ட்ஸ் மாநாட்டின்போது ஆறு மருந்து நிறுவனங்களுடன் விலைக்குறைப்பு ஒப்பந்தம் போடப்பட்டது. கரீபிய நாடுகளின் வட்டார அமைப்பான கரிகாமின் தலைவர்களில் சுகாதாரப் பொறுப்பு வகித்த டக்ளஸ் இதை முன்னின்று நடத்தினார். அவருடைய ஆகப் பெரிய பணி இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பொருளாதாரம் வேறு கதை. மூன்று நூற்றாண்டுக்கு மேல் நடந்த சர்க்கரைத் தொழிலை 2005-ல் மூடினார். நஷ்டம் தாங்க முடியாத நிலையில் அது சரியான முடிவே. ஆனால் கடன் அடங்கவில்லை. 2010 வாக்கில் அரசுக் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 150 சதவீதத்தைத் தாண்டி, 2011-ல் சர்வதேச நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) உதவியும் கடன் மறுசீரமைப்பும் தேவைப்பட்டன. முதலீட்டுக்குக் குடியுரிமை தரும் திட்டத்தின் வருவாய் பிறகு கைகொடுத்தது.

வீழ்ச்சி கட்சிக்குள்ளிருந்தே வந்தது. 2012 டிசம்பரில் எதிர்க்கட்சி கொடுத்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் கடைசிவரை அவையில் விவாதத்துக்கு வரவில்லை. 2013 தொடக்கத்தில் அமைச்சராக இருந்த டிமத்தி ஹாரிஸ் நீக்கப்பட்டு எதிரணியில் சேர்ந்தார். 2015-ல் தேர்தலுக்கு முன் தொகுதி எல்லைகள் மாற்றப்பட்டன. வாக்குப்பதிவுக்கு நான்கு நாள் இருக்கையில் அந்த நாட்டின் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றமான, லண்டனில் உள்ள பிரிவி கவுன்சில் அதைத் தடுத்தது. பழைய எல்லைப்படி பிப்ரவரி 16-ல் நடந்த தேர்தலில் ஹாரிஸ் அணி 7 இடங்களைப் பிடித்தது; தொழிற்கட்சிக்கு 3. ஹாரிஸ் பிரதமரானார்.

2022-ல் தொழிற்கட்சி மீண்டும் வென்றபோது, கியூபாவில் மருத்துவம் படித்த ட்ரூ பிரதமரானார். அவரது அமைச்சரவையில் டக்ளஸ் வெளியுறவு அமைச்சர்.