இருவரும் ஒரே பக்கம் பார்ப்பது போல் தெரிந்தால்

வணக்கம். எதிரெதிரே உட்கார்ந்து பேசும் இருவரின் குளோசப்பையும் மாற்றி மாற்றி வெட்டினால், இருவருமே வலப்பக்கம் பார்ப்பது போல் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கேமரா 180 டிகிரி கோட்டைத் தாண்டிவிட்டது. ஒருவர் மூக்கிலிருந்து மற்றவர் மூக்குவரை ஒரு கயிறு கட்டியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்; அதுதான் அந்தக் கோடு. இரண்டு ஷாட்டையும் கயிற்றுக்கு ஒரே பக்கம் நின்று எடுத்திருக்க வேண்டும்.

சரி, மறுபடி எடுக்க வழியில்லை என்றால், எடிட்டிங்கில் ஒரு குளோசப்பை மட்டும் இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். தலைவகிடு, சட்டைப்பை, பின்னால் இருக்கும் எழுத்து இவையெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும், கவனம். அப்படியானால் திருப்ப வேண்டாம். கோப்பையின் விளிம்பை விரல் தடவும் நெருக்கமான ஷாட் ஒன்றை மட்டும் தனியே எடுத்து, இரண்டுக்கும் நடுவில் செருகுங்கள். தாவல் அவ்வளவாக உறுத்தாது. நடிப்பு நன்றாக வந்திருக்கிறது என்கிறீர்களே, அந்தக் காட்சியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.