அப்பா கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்: இல்லத்துக்குப் பொறுப்பு இல்லையா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 76. மறதிநோய். அம்மா இறந்தபின் தனியாக விட முடியாமல், பதினொரு மாதம் முன்பு கோவைக்கு வெளியே ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் சேர்த்தேன். மாதம் 28,000 ரூபாய், டெபாசிட் ஒரு லட்சம். ரசீதில் 'நன்கொடை' என்றுதான் போட்டுத் தருகிறார்கள். இருபது நாள் முன்பு ஒரு சாயங்காலம், தண்ணீர் லாரிக்காகக் கேட்டைத் திறந்தபோது அப்பா வெளியே போய்விட்டார். எனக்கு இரவு ஒன்பதரைக்குத்தான் போன் வந்தது. மறுநாள் மதியம் ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு வாய்க்கால் ஓரம் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகியிருக்கிறது. 'வெளியே போனால் நிர்வாகம் பொறுப்பல்ல என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்' என்கிறார்கள். அப்பா வீட்டிலிருந்தும் ஒருமுறை இப்படிப் போயிருக்கிறார். இல்லத்தில் சேர்த்துவிட்ட ஏஜென்ட் அதைச் சொல்ல வேண்டாம் என்றதால் சொல்லவில்லை. அப்படியென்றால் தப்பு என் மேல்தானா? இன்னும் பேசினால் பெற்றோரைக் கைவிட்டதாக என் மேல் வழக்கு வரும் என்றும் மிரட்டுகிறார்கள். இப்போது அதே ஏஜென்ட், டெபாசிட்டை வாங்கித் தருகிறேன், ஒரு பேப்பரில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். என்ன செய்வது?
— திருப்பூர் வாசகி

பதில்: அந்தக் கடைசிப் பேப்பரில் கையெழுத்துப் போடாதீர்கள். மீதி எல்லாவற்றையும் நிதானமாகப் பேசலாம், இது மட்டும் அவசரம். அதில் எங்கேயாவது 'முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று ஒரு வரி இருக்கும். ஒரு லட்சம் டெபாசிட் உங்கள் பணம். உங்கள் பணத்தை உங்களுக்கே கொடுத்துவிட்டு, அதற்கு விலையாக உங்கள் உரிமையை எழுதி வாங்கப் பார்க்கிறார்கள்.

அடுத்து அந்த மிரட்டல். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ன் 24-ம் பிரிவைத்தான் சொல்கிறார்கள். மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் என்று அதில் இருப்பது உண்மை. ஆனால் முதியவரை அடியோடு கைவிடும் எண்ணத்தோடு எங்கேயாவது விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கான பிரிவு அது. மாதம் தவறாமல் பணம் கட்டி, போன் வந்ததும் ஓடிப்போய்த் தேடி, ஆபரேஷன் செலவையும் ஏற்ற மகளுக்கு அந்தப் பிரிவு பொருந்தவே பொருந்தாது. பணம் கட்டி இல்லத்தில் சேர்ப்பது கைவிடுவது ஆகாது. குற்ற உணர்ச்சியில் இருக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வாயை அடைப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் ஆத்திரம் வருகிறது.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. இல்லத்துக்குப் பொறுப்பு உண்டா? உண்டு. நீங்கள் மாதம் 28,000 கொடுத்தது சோற்றுக்கும் கட்டிலுக்கும் மட்டும் இல்லை. தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாத ஒருவரைப் பார்த்துக்கொள்வதற்காகக் கொடுத்தீர்கள். மறதிநோய் உள்ளவர் வெளியே போகப் பார்ப்பார் என்பது அந்த நோயைப் பற்றித் தெரிந்த எல்லோருக்கும் தெரியும், அதுவும் சாயங்கால நேரத்தில் வீட்டுக்குப் போக வேண்டும் என்று எழுந்து நடப்பது மிகச் சாதாரணம். அப்படிப்பட்டவரைச் சேர்த்துக்கொண்ட இல்லம், லாரி வரும்போது கேட்டில் ஒரு ஆள் நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். யோசிக்காதது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 சொல்லும் சேவைக் குறைபாடு.

வாட்ச்மேன் வெளி ஏஜென்சி ஆள் என்பார்கள். அது அவர்களுக்கும் அந்த ஏஜென்சிக்கும் உள்ள கணக்கு. உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது இல்லம்தான்.

'கட்டிப் போடவா முடியும்?' என்றும் கேட்பார்கள். முடியாது, கூடாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 சங்கிலியால் பிணைப்பதை அடியோடு தடை செய்கிறது. கட்டிப்போடச் சொல்லி நீங்களும் கேட்கவில்லை. ஆள் போட்டுப் பார்த்துக்கொள்ளச் சொல்லித்தான் பணம் கட்டினீர்கள்.

உங்கள் வழக்கில் கேட்டைவிட எனக்குப் பெரிதாகப் படுவது நேரம். சாயங்காலம் போனவரைப் பற்றி இரவு ஒன்பதரைக்குச் சொல்லியிருக்கிறார்கள். எத்தனை மணிக்குக் காணோம் என்று தெரிந்தது, எத்தனை மணிக்குப் போலீஸுக்குச் சொன்னார்கள் என்று கேளுங்கள். கேட் திறந்திருந்தது ஒரு நிமிடக் கவனக்குறைவு என்று அவர்கள் சமாளிக்கலாம். மூன்று, நான்கு மணி நேரம் யாருக்கும் சொல்லாமல் இருந்ததை எப்படிச் சமாளிப்பார்கள்? ஆள் காணாமல் போனால் 24 மணி நேரம் காத்திருந்துதான் புகார் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

கையெழுத்துப் போட்ட அட்மிஷன் ஃபாரம் விஷயம். கையெழுத்துக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 'எங்கள் அலட்சியத்துக்கும் நாங்கள் பொறுப்பல்ல' என்கிற அளவுக்கு ஒருதலைப்பட்சமான, அச்சடித்து நீட்டுகிற ஷரத்து உங்களைக் கட்டாது என்று வாதாட நல்ல அடிப்படை இருக்கிறது. பயனியர் அர்பன் என்ற கட்டுமான நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019-ல் இதைத்தான் வீடு வாங்கியவருக்குச் சொன்னது: புள்ளியிட்ட கோட்டில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வழி இல்லாதவரிடம் வாங்கிய ஒருதலைப்பட்சமான ஒப்பந்தம் அவரைக் கட்டாது. அப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற உங்களுக்கு வேறு என்ன வழி இருந்தது?

முன்பு ஒருமுறை வெளியே போனதைச் சொல்லாமல் விட்டது உங்கள் பக்கத்துப் பலவீனம். ஆறுதலுக்காக இதை மறைக்க விரும்பவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிக்கப்போவது இதைத்தான், நஷ்டஈடு கொஞ்சம் குறையலாம். ஆனால் சேர்க்கும்போது டாக்டரின் சீட்டு, பழைய டிஸ்சார்ஜ் சம்மரி எதையாவது கொடுத்தீர்களா? அதில் மறதிநோய் என்று எழுதியிருந்தால், அவர்களுக்குத் தெரியாது என்ற வாதம் பெரும்பாலும் விழுந்துவிடும். அதைவிட முக்கியம் இந்தப் பதினொரு மாதம். 'அப்பா கேட்டுகிட்டயே நிக்கிறார்', 'வீட்டுக்குப் போகணும்னு அழுகிறார்' என்று கேர்டேக்கர் யாராவது உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாரா என்று தேடுங்கள். ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ் கிடைத்தாலும் போதும்.

'சொல்லாதீர்கள், சொன்னால் சேர்க்க மாட்டார்கள்' என்ற அந்த ஏஜென்ட் எனக்குப் புதியவர் இல்லை. இவர்கள் பல இல்லங்களிடம் ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குபவர்கள். 'சீனியர் கேர் கன்சல்டன்ட்' என்று கார்டு அடித்திருப்பார்கள், ஆஸ்பத்திரி வாசலிலேயே பிடிப்பார்கள். நோயாளிக்கு ஏற்ற இடமா என்று பார்ப்பதில்லை, காலிக் கட்டில் எங்கே என்றுதான் பார்ப்பார்கள். சேர்க்கும்போது உண்மையை மறைக்கச் சொல்லிவிட்டு, விபத்து நடந்ததும் இல்லத்துக்காக உங்களிடம் சமாதானம் பேச வருவார்கள். இந்த ஏஜென்ட்டிடம் இனி போனில் பேசாதீர்கள், எதுவாக இருந்தாலும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அவருக்குக் கமிஷன் கொடுத்திருந்தால் அந்த ரசீதையோ ஜிபே பதிவையோ எடுத்து வையுங்கள், வழக்கில் அவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்க முடியும். இனி யாருக்காவது இல்லம் தேடும் வாசகர்களுக்கும் சொல்கிறேன்: நோயை மறைத்தால்தான் இடம் கிடைக்கும் என்கிற இல்லத்தில் அந்த நோயைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது.

நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன 'நன்கொடை' ரசீதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பலர் தோற்பது இங்கேதான். நுகர்வோர் சட்டம் இலவசச் சேவைக்குப் பொருந்தாது. அதனால் டிரஸ்ட் பெயரில் நடக்கும் இல்லங்கள், 'நாங்கள் தர்ம ஸ்தாபனம், அவர்கள் விருப்பப்பட்டு நன்கொடை கொடுத்தார்கள்' என்று சொல்லித் தப்பப் பார்க்கும். எல்லோரையும் காசு வாங்காமல் பார்த்துக்கொள்ளும் உண்மையான தர்ம இல்லம் என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது, சிவில் கோர்ட்டில்தான் வழக்குப் போட வேண்டும். சிலரிடம் பணம் வாங்கிக்கொண்டு சிலரை இலவசமாகப் பார்க்கும் இடம் என்றால் நிலைமை வேறு. மருத்துவமனைகள் தொடர்பான வி.பி. சாந்தா வழக்கில் 1995-லேயே உச்ச நீதிமன்றம், அப்படிப்பட்ட இடத்தில் இலவசமாகப் பார்க்கப்பட்டவரும் நுகர்வோர்தான் என்று சொல்லிவிட்டது. நீங்களோ மாதா மாதம் ஒரே தொகை கட்டியிருக்கிறீர்கள். நன்கொடையாக இருந்தால் ஒரு மாதம் 5,000, ஒரு மாதம் ஒன்றுமில்லை என்று இருந்திருக்கும். பதினொரு மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்து வைத்தால் அது கட்டணம் என்று யாருக்கும் புரியும். ஒரே ஒரு சிக்கல்: அந்த ரசீதுகளைக் காட்டி வருமான வரியில் 80ஜி சலுகை வாங்கியிருக்கிறீர்களா? வாங்கியிருந்தால் அது நன்கொடைதான் என்று நீங்களே அரசாங்கத்திடம் எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். இதை வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், ஆடிட்டரிடமும் பேசுங்கள். இன்னும் அப்படிக் காட்டவில்லை என்றால் தயவுசெய்து காட்டாதீர்கள்.

நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு வருடம் அவகாசம் உண்டு. கோவைக்கு அலைய வேண்டியதில்லை, 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். புகார்க் கட்டணத்துக்கு ஆணையம் பார்ப்பது நீங்கள் கேட்கும் நஷ்டஈட்டை அல்ல, இல்லத்துக்கு நீங்கள் கட்டிய பணத்தை. டெபாசிட்டையும் சேர்த்து 4,08,000 ரூபாய் கட்டியிருக்கிறீர்கள். 5 லட்சம் வரை புகார்க் கட்டணமே கிடையாது. 'கோர்ட் பீஸ் மட்டும் பத்தாயிரம் ஆகும்' என்று யாராவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால், பெண் என்பதாலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் உங்களுக்கு இலவச வக்கீல் கிடைப்பார், வருமானச் சான்று தேவையில்லை.

மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் அதை நம்பி இருக்காதீர்கள். வாய்தா மேல் வாய்தா போகும். முதியவர் சம்பந்தப்பட்ட வழக்கில்கூட இந்த இழுவை இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. கட்சிக்காரர் தீர்ப்பைப் பார்க்காமலே போய்ச்சேர்ந்த வழக்குகள் என்னிடம் உண்டு.

போலீஸ் பக்கம். சிஎஸ்ஆர் ரசீதை, அதாவது புகார் வந்தது என்பதற்கான சீட்டை மட்டும் கையில் கொடுத்து அனுப்பியிருந்தால் அது எஃப்ஐஆர் ஆகாது. கவனக்குறைவால் எலும்பு முறியும் அளவுக்குக் காயம் ஏற்பட்டால் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ம் பிரிவில் மூன்று வருடம் வரை தண்டனை உண்டு. ஸ்டேஷனில் எடுக்கவில்லை என்றால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள், அதன் பிறகு மாஜிஸ்திரேட். அதே சட்டத்தில் 357 என்று ஒரு பிரிவு இருக்கிறது: தன்னைக் காத்துக்கொள்ள முடியாதவரைப் பார்த்துக்கொள்வதாக ஒப்பந்தம் செய்துவிட்டு வேண்டுமென்றே செய்யாமல் விடுவது. உங்களுக்காகவே எழுதியதுபோல இருக்கும். ஆனால் 'வேண்டுமென்றே' என்பதை நிரூபிக்க வேண்டும், தண்டனையோ மூன்று மாதமும் 5,000 ரூபாயும்தான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அபராதம் 200 ரூபாயாக இருந்தது, இப்போது உயர்த்தியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014-ல் தனிச் சட்டமே வந்துவிட்டது. தனியார் முதியோர் இல்லங்களுக்கு அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. அவற்றைப் பதிவு செய்யக் கட்டாயப்படுத்தும், 2007 பராமரிப்புச் சட்டத்துக்கான திருத்த மசோதாவை 2019 டிசம்பரில் மக்களவையில் வைத்தார்கள். அது சட்டமாகவே இல்லை. எத்தனை பேருக்கு எத்தனை ஆள், கேட்டில் யார் என்று ஒரு அதிகாரி வந்து கேட்டிருந்தால் உங்கள் அப்பா வாய்க்கால் ஓரம் கிடந்திருக்க மாட்டார்.

சரி, இப்போது அவசரமான வேலை. இருபது நாள் ஆகிவிட்டது என்கிறீர்கள். சிசிடிவி பதிவு பல இடங்களில் பதினைந்து, முப்பது நாளில் அழிந்து அதன் மேல் புதியது ஏறிவிடும். கேட்டுப் போனால் 'அன்னைக்கு கேமரா ரிப்பேர்' என்பார்கள். அதனால் வக்கீல் நோட்டீஸுக்குக் காத்திருக்காமல் இன்றைக்கே நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள். அந்த நாள் பகல் பன்னிரண்டு முதல் நள்ளிரவு வரையிலான கேட், வராந்தா கேமரா பதிவுகள், கேட் ரிஜிஸ்டர், அன்று வேலையில் இருந்தவர்கள் பட்டியல், அப்பாவின் தினசரிக் குறிப்பு, நீங்கள் கையெழுத்துப் போட்ட ஃபாரத்தின் நகல், இவற்றை அழிக்காமல் வைத்திருக்கவும் நகல் தரவும் கேளுங்கள். திட்டி எழுத வேண்டாம், நான்கு வரி போதும். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வையுங்கள், அதையே அவர்கள் வாட்ஸ்அப்புக்கும் மெயிலுக்கும் போடுங்கள். தண்ணீர் லாரிக்காரர் வழக்கமாக வருபவராக இருந்தால் அவரையும் போய்ப் பாருங்கள். எத்தனை மணிக்கு வந்தார், கேட்டில் யார் நின்றார்கள் என்று அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கும்.