வாசகர் கேள்வி: விளம்பரத்தில் வரும் நாய்க்குட்டி

கேள்வி: பழைய பொருள்கள் விற்கும் இணைய விளம்பரப் பக்கம் ஒன்றில் லாப்ரடார் குட்டி விற்பனைக்கு வந்திருக்கிறது. 35 நாள் குட்டி என்றும், முன்பணம் அனுப்பினால் பேருந்தில் ஏற்றிவிடுவதாகவும் சொல்கிறார்கள். மகள் ஆசைப்படுகிறாள். வாங்கலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம். நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்து மத்திய அரசு 2017-இல் கொண்டுவந்த விதிகளின்படி, எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. நீங்கள் குறிப்பிடும் குட்டிக்கு ஐந்து வாரம்தான் ஆகிறது. விளையாட்டில் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைத் தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும் கற்றுக்கொள்ளும் வயது இது. இப்போது பிரிக்கப்படும் குட்டி வளர்ந்தபின் அச்சமும் கடிக்கும் பழக்கமும் கொண்டதாக மாறினால், பழி அதன்மேல்தான் விழும். முதல் தடுப்பூசியே பொதுவாக ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள்தான் போடப்படுகிறது. பார்வோ வைரஸ் தொற்றிய குட்டிக்கு வாந்தியும் இரத்தக் கழிச்சலும் தொடங்கச் சில நாள்கள் ஆகும் என்பதால், படத்தில் துள்ளி விளையாடிய குட்டி உங்கள் வீட்டுக்கு வந்தபின் நோயில் விழக்கூடும்.

இவற்றைவிட என்னை வருத்துவது, இத்தகைய விளம்பரங்களில் தாய் நாய் கண்ணிலேயே படாததுதான். 18 மாதம் நிறையாத பெண் நாயை இனச்சேர்க்கைக்கு விடக் கூடாது, அதன் ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது என்றெல்லாம் அதே விதிகள் சொல்கின்றன. ஆனால் கைப்பேசியில் குட்டியின் படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்புகிறவருக்கு, அந்தத் தாய் எத்தனை முறை ஈன்றது, எங்கே அடைபட்டிருக்கிறது, உயிரோடுதான் இருக்கிறதா என்பதை அறிய எந்த வழியும் இல்லை. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், விற்பனைக்காக நாய்க்குட்டிகளைப் பெருக்கும் ஒரு பண்ணையிலிருந்து 2013-இல் மீட்கப்பட்ட லூசி என்ற நாய், ஆண்டுக்கணக்கில் கூண்டில் கிடந்து முதுகெலும்பு வளைந்த நிலையில் இருந்தது. அதன் பெயரால் வழங்கும் சட்டம் இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் 6 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட நாய், பூனைக் குட்டிகளை இடைத்தரகர்கள் வணிகமாக விற்பதை அது தடுக்கிறது. உரிமம் பெற்று வளர்ப்பவரும் குட்டியைப் பிறந்த இடத்திலேயே, தாயோடு காட்டித்தான் விற்க வேண்டும்.

நம் நாட்டிலும் 2018-ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகள் இணைய விற்பனைத் தளங்களையும் கடை என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கின்றன. ஆகவே விற்பவரிடம் மாநில விலங்குகள் நல வாரியப் பதிவு எண்ணைக் கேளுங்கள். நேரில் வந்து தாயைப் பார்க்க விரும்புவதாகவும் சொல்லுங்கள். மறுத்தாலோ, "வழியில் சந்தித்துத் தருகிறேன்" என்றாலோ விலகிவிடுங்கள். அந்தக் குட்டியைக் காப்பாற்றவாவது வாங்கலாமே என்று மகள் கேட்கக்கூடும். அந்த இரக்கம் நல்லதுதான். ஆனால் நீங்கள் கொடுக்கும் பணத்தில் அதே தாய் மீண்டும் சினையாக்கப்படும் என்பதை அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் ஊரில் தெருநாய்க் குட்டிகளை மீட்டுப் பராமரிப்பவர்களிடம் அவளை ஒருமுறை அழைத்துச் செல்லலாம்.

கேள்வி: இதேபோன்ற பக்கங்களில் பச்சைக்கிளியும் நட்சத்திர ஆமையும் விற்கிறார்களே?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: இரண்டும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டவை. விற்பது மட்டுமல்ல, வாங்கி வீட்டில் வைத்திருப்பதும் குற்றமே. விளம்பரம் நீக்கப்படுவதற்குள் அதைப் படம்பிடித்து, மாவட்ட வன அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.